தீயைப் பார்த்த தேநீர்

மொராக்கோவுக்குப் போகிறவர்கள் என்னிடம் முதலில் மராக்கேஷைப் பற்றிக் கேட்பார்கள், அப்புறம் பாலைவனத்தைப் பற்றி. புதினா தேநீர் எங்கே நன்றாக இருக்கும் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். எனக்கோ அதைத்தான் முதலில் பேச வேண்டும் போலிருக்கும். கணவரின் வேலைக்காகத் தலைநகர் ரபாத்தில் குடியிருந்த காலத்தில் அந்த நாட்டைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி, சின்னக் கண்ணாடித் தம்ளர்களைச் சுற்றி உட்கார்ந்து தெரிந்துகொண்டது. ஆகவே ஊர்ப் பெயர்களைச் சொல்வதற்கு முன்னால் எல்லோரிடமும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவேன். மூக்கு வளைந்த அந்த டீ பாட்டை அங்கே பர்ராத் என்பார்கள். தேயிலை போட்ட பிறகு அந்தப் பர்ராத் அடுப்பில் ஏறியதா என்று மட்டும் பாருங்கள்.

சுற்றுலாப் பயணிகள் கூடுகிற பல உணவகங்களில் அது அடுப்புப் பக்கமே போவதில்லை. காபி மெஷினிலிருந்து வெந்நீரைப் பிடித்து, தேயிலையைப் போட்டு, மேலே ஒரு கொத்துப் புதினாவைச் சொருகி, வெள்ளி நிறத் தட்டில் வைத்துக் கொண்டு வந்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். குடித்தால் சூடான புதினாத் தண்ணீர், அதற்குள் எங்கேயோ கொஞ்சம் கசப்பு. இதைக் குடித்துவிட்டு "பெரிதாக ஒன்றும் இல்லையே" என்று ஊர் திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் உண்டு. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருந்த பெரியம்மாவை எல்லோரும் ஹாஜ்ஜா என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். ஹஜ் போய் வந்தவர் என்ற மரியாதை. அவர் என்னை "பிந்தி" என்பார், மகளே என்று. அவர் வீட்டுக்குப் போனால் டீ உள்ளே தயாராகி வெளியே வராது. எல்லாச் சாமானும் கூடத்துக்கு வந்துவிடும். தாழ்வான மேசையில் பெரிய வட்டத் தட்டு, அதில் தம்ளர்கள், தேயிலை டப்பா, சர்க்கரை டப்பா, கழுவி உதறிய புதினா. பக்கத்திலேயே ஒரு சின்ன எரிவாயு அடுப்பு. பண்டிகை நாட்களில் மட்டும் மண்ணால் செய்த கரியடுப்பு, நம் குமுட்டி அடுப்பின் உயரம்தான் இருக்கும். டீ போடுகிறவர் விருந்தாளிக்கு எதிரே உட்கார்ந்து போட வேண்டும், அதுதான் முறை. பேச்சும் அதோடு சேர்ந்தே தொடங்கும்.

தேயிலை சீனாவிலிருந்து வருவது. பெரும்பாலும் செஜியாங் மாகாணத்துப் பச்சைத் தேயிலை. இலையைச் சுருட்டிச் சுருட்டி, கடுகுக்கும் மிளகுக்கும் நடுவே ஓர் அளவில் உருண்டைகளாக்கி இருப்பார்கள். வியாபாரிகள் கன்பவுடர் என்று சொல்கிற ரகம். ஹாஜ்ஜா அதை உள்ளங்கையில் அள்ளித்தான் அளப்பார். பர்ராத்தில் போட்டு, கொதிக்கிற நீரை ஒரு தம்ளர் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் கொஞ்ச நேரம் விடுவார். பிறகு மெதுவாகச் சாய்த்து ஒரு தம்ளரில் இறக்குவார். தெளிந்த பொன்னிறம். இதற்கு ரூஹ், அதாவது உயிர் என்று பெயர். இதைக் கொட்டாமல் தட்டின் ஓரமாக எடுத்து வைத்துவிடுவார். மறுபடி கொதிநீர் ஊற்றி, இப்போது பர்ராத்தை நன்றாகச் சுழற்றிக் குலுக்கி இன்னொரு தம்ளரில் ஊற்றுவார். இது கலங்கலாக, பச்சையும் பழுப்புமாக வரும். தூசியும் காரமான கசப்பும் இதோடு போய்விடும் என்பார். இதைக் கொட்டிவிடுவார். நிறம் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு முறையும் கழுவுவார். இரண்டு தம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்குக் காட்டியிருக்கிறார். ஒரே இலையிலிருந்து அடுத்தடுத்து வந்தவை என்று சொன்னால் நம்பவே முடியாது.

எடுத்து வைத்த உயிரைத் திரும்ப ஊற்றி, பர்ராத் நிறையக் கொதிநீர் விட்டு, அடுப்பில் ஏற்றுவது அடுத்தது. இந்த இடத்தில்தான் அவசரக் கடைக்காரர்கள் கைவிடுகிறார்கள். சிறு தீயில் சில நிமிடங்கள். உருண்டை உருண்டையாக அடியில் கிடந்த இலைகள் விரிந்து, உப்பி, நுரையோடு வாய்வரை எழும்பும். பொங்கி வழியும் முன் ஹாஜ்ஜா இறக்கிவிடுவார். அதற்குப் பிறகுதான் புதினா. இரண்டு கை நிறைய, தண்டோடு, கசக்காமல், மடித்து உள்ளே திணிப்பார். ஒரு இலைகூட நீர்மட்டத்துக்கு மேலே தெரியக் கூடாது. மேலே நின்ற இலை ஆவியில் கருகி நெஞ்சு எரிச்சல் தரும் என்பது அங்கே எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தை. பிறகு சர்க்கரைக் கட்டி. கரண்டி உள்ளே போகாது. ஒரு தம்ளரில் ஊற்றி, அதைத் திரும்பப் பர்ராத்திலேயே விட்டு, மறுபடி ஊற்றி, மறுபடி விட்டு, அப்படியே கலக்கிவிடுவார். கொஞ்சம் வாயில் விட்டுப் பார்ப்பார், சர்க்கரை பற்றாது என்று பட்டால் இன்னொரு கட்டி.

கடைசியில் ஊற்றுவது. நம் டீக்கடையில் ஆற்றுகிற கையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி உடனே பிடித்துப்போகும். பர்ராத்தின் மூக்கு தம்ளருக்கு அருகே தொடங்கி, கை மேலே மேலே போய், மெல்லிய ஒரு கம்பியாக டீ இறங்கும். தம்ளரின் மேல் நுரை கட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு உயரம். நுரை இல்லாத டீயை நல்ல வீட்டில் விருந்தாளி முன் வைக்க மாட்டார்கள். சூடும் குடிக்கிற பக்குவத்துக்கு வந்துவிடும். தம்ளரைப் பாதிக்குச் சற்று மேலே வரைதான் நிரப்புவார்கள். விளிம்பை விரலால் பிடிக்க இடம் வேண்டுமே.

இவ்வளவு முறைகளும் இருக்கிற ஒரு பானம் ஆயிரம் ஆண்டுப் பழமையானதாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அங்கே தேநீரின் வரலாறு வியப்பூட்டும் அளவுக்குப் புதியது. 1672 முதல் 1727 வரை ஆண்ட சுல்தான் மௌலாய் இஸ்மாயில் காலத்தில் ஐரோப்பியத் தூதர்கள் கொண்டு வந்த பரிசுப் பொருள்களில் ஒன்றாகத் தேயிலை அரண்மனைக்குள் நுழைந்தது. அதற்கு அப்புறமும் நெடுநாள் பணக்காரர்களின் பானமாகவே இருந்தது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரின்போது கிழக்கே விற்க முடியாமல் போன சரக்கை ஆங்கிலேய வியாபாரிகள் மொராக்கோத் துறைமுகங்களான டாஞ்சியருக்கும், அன்று மொகதோர் என்று அழைக்கப்பட்ட எஸ்ஸாவிராவுக்கும் திருப்பிவிட்டார்கள் என்பது வரலாற்று நூல்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விலை இறங்கி, மலைக் கிராமம் வரை தேயிலை போய்ச் சேர்ந்தது. அதுவரை வெறும் புதினாவையும் காட்டு மூலிகைகளையும் கொதிக்க வைத்துக் குடித்து வந்த மக்கள், புது இலையைத் தங்கள் பழைய மூலிகைக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

பர்ராத்துக்கும் இதே கதைதான். ஃபெஸ் நகர வியாபாரிகள் 19ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டரிலேயே குடியேறித் துணி வியாபாரம் செய்தார்கள். அங்கிருந்து டீ பாட்டும் தட்டும் வந்தன. ரைட் என்ற மான்செஸ்டர்க்காரரின் முத்திரை பதித்த பர்ராத் ஒன்று பாட்டி காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது என்றால் அதை அலமாரியில் துணி சுற்றி வைத்திருப்பார்கள். பழைய சாமான் சந்தையில் இன்றும் அதற்குத் தனி விலை. இலை சீனத்தது, பாத்திரம் ஆங்கிலேயருடையது, என்றாலும் இரண்டையும் வைத்து மொராக்கோ மக்கள் செய்த காரியம் முழுக்க அவர்களுடையது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மேல் மதிப்புக் கூடுகிறது.

சர்க்கரை மட்டும் அங்கே பழைய ஆள். 16ஆம் நூற்றாண்டில் சஅதி என்ற அரச வம்சத்துச் சுல்தான்கள் தெற்கே சூஸ் பகுதியில் கரும்பு பயிரிட்டு, ஆலை வைத்து, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். 1578இல் பட்டத்துக்கு வந்த அஹ்மத் அல் மன்சூர் மராக்கேஷில் எல் பாதி அரண்மனையைக் கட்டியபோது இத்தாலியப் பளிங்குக்கு எடைக்கு எடை சர்க்கரை கொடுத்து வாங்கினார் என்று சொல்வார்கள். இன்று அந்த அரண்மனையில் பளிங்கு இல்லை, மௌலாய் இஸ்மாயில் அதையெல்லாம் பெயர்த்துத் தன் தலைநகரான மெக்னெஸுக்குக் கொண்டுபோய்விட்டார். சர்க்கரையும் பின்னாளில் வெளியிலிருந்து வாங்குகிற நிலை வந்து, பிரான்ஸின் மார்சேய் நகர ஆலைகளிலிருந்து கூம்பு வடிவத்தில் வந்து இறங்கியது. அந்தக் கூம்பு வடிவம் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. 2 கிலோ எடை, முழங்கை நீளம் இருக்காது, காகிதம் சுற்றியிருக்கும். காலிப் என்பார்கள். கல்யாணமா, குழந்தை பிறந்ததா, ஒருவர் இறந்துவிட்டாரா, கையில் காலிப்போடுதான் போவார்கள். தெருவில் ஒரு துக்க வீட்டுக்கு ஹாஜ்ஜா இரண்டு கூம்புகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியதைப் பார்த்தபோதுதான் அதன் கனம் எனக்குப் புரிந்தது. அந்த வீட்டில் அடுத்த சில நாட்கள் வருகிற போகிற எல்லோருக்கும் டீ போட்டாக வேண்டும், சர்க்கரை தீர்ந்துவிடக் கூடாது. சிறு சுத்தியலால் தட்டி உடைத்த காலிப் துண்டுதான் டீக்குச் சரி, தூள் சர்க்கரை அந்த ருசி தராது என்பது அங்கே உறுதியான நம்பிக்கை.

புதினாவிலும் ஊர்ப் பெருமை உண்டு. மெக்னெஸ் புதினா என்று வண்டிக்காரர் கூவினால் வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் புதினா மெலிந்துவிடும். அப்போது ஷீபா என்று சாம்பல் நிறத் தழை ஒன்றைச் சேர்ப்பார்கள். நம் மரிக்கொழுந்தின் இனம்தான், ஆனால் கசப்பு மிக அதிகம். ஒரு சின்னக் கிளை போதும். லூயிஸா என்கிற எலுமிச்சை வாசத் தழை, மரு, காட்டுப் புதினா, ஆரஞ்சுப் பூ என்று காலத்துக்கும் ஊருக்கும் தகுந்தபடி மாறும். ஷீபா போட்ட ஜனவரி மாதத்து டீயைக் குடிக்காமல் மொராக்கோ டீயைக் குடித்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

டாஞ்சியரில் கஃபே ஹஃபா. 1921இல் தொடங்கியது. மார்ஷான் பகுதியின் ஓரத்தில், மலைச்சரிவில் படிப்படியாக இறங்குகிற வெள்ளைத் திண்ணைகள், ஒவ்வொன்றிலும் சாதாரண மேசை நாற்காலி. கீழே ஜிப்ரால்டர் நீரிணை. வானம் தெளிவாக இருந்தால் எதிரே ஸ்பெயின் தெரியும். நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் இரண்டு கண்டங்களுக்கும் நடுவே 14 கிலோமீட்டர்தான். வட பகுதியின் வழக்கம் இங்கே தெரியும். பர்ராத் மேசைக்கு வராது. உயரமான தம்ளரிலேயே புதினாக் கொத்தை நிற்க வைத்து, சர்க்கரையும் போட்டு, கம்பித் தூக்கில் பல தம்ளர்களை அடுக்கிக்கொண்டு பையன்கள் படி இறங்கி வருவார்கள். சர்க்கரைக்குத் தேனீக்கள் வரும். உள்ளூர்க்காரர்கள் தம்ளர் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பேசுவார்கள். பக்கத்து மேசையில் தாயம் மாதிரி ஒரு பலகை ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். புகழ்பெற்ற எழுத்தாளர்களும் இசைக்கலைஞர்களும் வந்துபோன இடம் என்பதால் கூட்டம் உண்டு. என் ஆலோசனை, காலையில் போங்கள். மாலையில் சூரியன் சாய்வதைப் பார்க்க வந்தவர்களுக்கு நடுவே இடம் பிடிப்பதிலேயே பொழுது போய்விடும்.

ரபாத்தில் உதாயா கோட்டைக்குள் இருக்கிற மூர் கஃபேயைச் சொல்லாமல் இருக்க முடியாது, எங்கள் ஊர்க்கடை அது. பூ ரெக்ரெக் ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்த மேடை, அக்கரையில் சாலே நகரம், சுவரை ஒட்டிய திண்டுகளில் பாய். தட்டில் பாதாம் பலகாரங்கள் சுற்றி வரும். கஅப் கஸால் என்ற பிறை வடிவப் பலகாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டீ சுமார்தான், இடம் அருமை.

டீயும் இடமும் சேர்ந்து அமைகிற ஊர் என்றால் எனக்கு ஃபெஸ். பழைய நகரத்துக்குள் சஃப்பாரின் சதுக்கம் செப்புக் கொல்லர்களுடையது. கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகிற ஆள் உயர அண்டாக்கள் சுவரில் சாய்ந்திருக்கும், சிறுவர்களும் பெரியவர்களும் தரையில் உட்கார்ந்து தட்டுகளை அடித்து நெளிவெடுத்துக்கொண்டிருப்பார்கள். 859இல் நிறுவப்பட்ட கரவிய்யின் பள்ளிவாசலின் நூலகக் கதவும் இந்தச் சதுக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு மரத்தடி, ஒரு சின்ன டீக்கடை. அங்கே உட்கார்ந்தால் பல சுத்தியல்களின் தாளம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். உங்கள் முன்னால் இருக்கிற பர்ராத்தும் தட்டும் எப்படி உருவாகின்றன என்பதையும் அங்கேயே பார்க்கலாம். ஃபெஸ்ஸின் சந்துகளில் பலகை இல்லாத, நாற்காலி இல்லாத டீக்காரர்கள் உண்டு. ஓர் அலமாரி அளவு பொந்தில் அடுப்பு, கரி படிந்த பர்ராத்துகள் வரிசையாக, ஷீபாவும் புதினாவும் குவியலாக. கடைத்தெருவில் வேலை செய்கிறவர்களுக்கு இங்கிருந்துதான் தட்டில் டீ போகும். கம்பளக் கடைக்காரர் "டீ சாப்பிடுங்கள்" என்று உட்கார வைத்தால் மறுக்காதீர்கள். கம்பளம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை, டீ பெரும்பாலும் இந்த மாதிரிப் பொந்துகளிலிருந்து வந்ததாக இருக்கும், நன்றாகவே இருக்கும்.

மராக்கேஷில் ஜெமா எல் ஃப்னா சதுக்கத்து மாடிக் கஃபேக்களில் காட்சிக்குத்தான் காசு. ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள். இரவில் சதுக்கத்தில் பெரிய செப்புக் கொப்பரைகளோடு நிற்கிற வண்டிகளில் கூதன்ஜால் என்று ஒன்று விற்பார்கள். அது நம் அரத்தை. அதோடு இஞ்சி, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்த காரமான கஷாயம். வாங்கி மூக்கருகே கொண்டுபோனதும் சளிக்கு அம்மா போட்டுத் தந்த சித்தரத்தைக் கஷாயம் நினைவுக்கு வந்து, அந்தக் கூட்டத்தின் நடுவே கண் கலங்கிவிட்டது. கூடவே சில்லு என்று வறுத்த மாவும் பாதாமும் எள்ளும் கலந்த பலகாரம் ஒரு கரண்டி தருவார்கள்.

அட்லஸ் மலைப்பக்கம் போகிறவர்கள் 4,167 மீட்டர் தூப்கால் சிகரத்துக்கு வழி தொடங்குகிற இம்லில் கிராமத்தில் காட்டு ஓமத் தழை போட்ட டீ கேளுங்கள். தாலியுவினில் குங்குமப்பூ விளைகிறது, அங்கே டீயிலும் குங்குமப்பூ. நெடுஞ்சாலையோரம் இறைச்சி சுடுகிற கடைகளிலும் கரியடுப்பில் பர்ராத் எப்போதும் இருக்கும். லாரிக்காரர்கள் நிறுத்துகிற கடையாகப் பார்த்து இறங்குங்கள்.

தெற்கே, குல்மிம் தாண்டி சஹாரா மக்களின் டீ தனி உலகம். பர்ராத் சின்னது, தம்ளர் அதைவிடச் சின்னது, புதினா கொஞ்சம்தான் அல்லது இல்லவே இல்லை. ஒரே இலையில் மூன்று சுற்று. முதல் சுற்று நாக்கைப் பிடிக்கும் கசப்பு, அடுத்தது நடுத்தரம், மூன்றாவது இலேசான இனிப்பு. தம்ளருக்குத் தம்ளர் மாற்றி மாற்றி ஊற்றி, பாதித் தம்ளர் நுரையே நிற்கும்படி செய்வார்கள். நல்ல டீக்கு மூன்று ஜீம் வேண்டும் என்பார்கள். ஜீம் என்பது அரபு எழுத்து: ஜமாஅ, கூடியிருக்க ஆட்கள், ஜர், இழுத்து இழுத்து நிதானம், ஜமர், கரித்தணல். ஒன்றரை மணி நேரம் இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் எழுந்து போவது மரியாதையில்லை. அடுத்த ஊருக்கு வண்டி பிடிக்கிற அவசரத்தில் இருப்பவர்கள் இந்த டீக்கு உட்காரவே வேண்டாம், அது போடுகிறவருக்கு நாம் செய்யும் குறை. நேரம் இருந்தால் மட்டும் உட்காருங்கள், அப்போது உங்களுக்குத் தருவதை வேறு எங்கும் வாங்க முடியாது.

கேட்கும் முறை எளிது. டீக்கு அங்கே அதாய் என்று பெயர். "அதாய் பி நானா" என்றால் புதினா டீ. சர்க்கரை வேண்டாம் என்றால் "ப்லா சுக்கர்". வீட்டில் விருந்தாளியாகப் போயிருக்கும்போது மட்டும் இதைச் சொல்வதற்கு முன் யோசியுங்கள். பர்ராத்திலேயே சர்க்கரை கலந்துவிடுவதால் உங்களுக்கு மட்டும் தனியாகப் போட இன்னொரு பர்ராத் ஏற்ற வேண்டிவரும். அவர்கள் ஏற்றவும் செய்வார்கள், முகம் சுளிக்காமல். சர்க்கரை நோய் இருந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அங்கேயும் பல வீடுகளில் அந்த நோய் இருக்கிறது, உடனே புரிந்துகொள்வார்கள்.

ஊருக்குக் கொண்டுபோகப் பர்ராத் வாங்குவதானால் இரண்டு வகை இருப்பதை நினைவில் வையுங்கள். வேலைப்பாடு நிறைந்த, வெள்ளி முலாம் பூசியவை பரிமாற மட்டும். அடுப்பில் வைத்தால் மூக்கும் கைப்பிடியும் ஒட்டிய இடத்தில் பற்று விட்டுவிடும். தீயில் வைக்க எவர்சில்வரில் வருகிற சாதாரணப் பர்ராத்தைக் கேளுங்கள், விலையும் குறைவு. மூடியைத் திறந்து, மூக்கு தொடங்கும் இடத்தில் உள்ளே ஓட்டை போட்ட தகடு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அது இல்லையென்றால் இலையெல்லாம் தம்ளரில் இறங்கிவிடும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தரச் சொல்லி, உயரத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். மூக்கிலிருந்து கம்பி அறுபடாமல் விழுந்தால் வாங்கிவிடலாம். இப்படிச் சோதித்துப் பார்க்கிற ஆளைக் கண்டால் கடைக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், விலையும் தானாகக் கொஞ்சம் இறங்கும்.